ஈசிஜி அக்காவின் கோபம்

"வாய்வுன்னு எவன் சொன்னான்?"

அந்த அக்காவை நினைத்ததும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கட்டிலில் ஏறிப் படுத்த ஆள், "ஒண்ணுமில்லீங்க, வாய்வு நெஞ்சுல ஏறிக்கிச்சு, அவ்ளோதான்" என்று வாயெடுப்பார். கையில் ஜெல்லி டியூபோடு நிற்கும் அக்கா அப்படியே நின்றுவிடுவாள். எவன் சொன்னான், எந்த மருந்துக்கடையில் சொன்னான், எத்தனை நாளாகச் சொல்கிறான் என்று வரிசையாகக் கேட்பாள். சொன்ன ஆள் பக்கத்தில் இருந்தால் கை நீட்டியிருப்பாள் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். சில நாள் சொன்னவர் எங்கள் டாக்டராகவே இருப்பார். அப்போதும் அவள் குரல் இறங்காது.

மரக்காணம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே நான் நான்கு வருஷம் அவசரப் பிரிவில் நர்சாக இருந்தேன். அக்கா ஈசிஜி டெக்னீஷியன். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் சரிவான ஓர் அறை அவளுடையது. ஒரு கட்டில், ஒரு மிஷின், ஒரு திரைச்சீலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். வாட்ச்மேனில் இருந்து டாக்டர் வரைக்கும் அவள் ஈசிஜி அக்காதான். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

உப்பளத்து ஆட்கள் வந்தால் நெஞ்சில் லீடு, மிஷின் ஒயரின் முனை, ஒட்டாது. வியர்வையும் உப்பும் காய்ந்து தோல் சொரசொரவென்று இருக்கும். அக்கா பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மார்பையும் மணிக்கட்டையும் கணுக்காலையும் துடைப்பாள். துடைக்கிற கை அத்தனை மெதுவாகப் போகும். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருக்கும்.

"சுகர் இருக்குதா? மாத்திர போடுறியா, இல்ல வாங்கி டப்பாவுல வெச்சிருக்கியா? பீடி எத்தினி கட்டு? பொய் சொல்லாத, வெரல பாத்தாலே தெரியுது. உங்கப்பா எப்படி செத்தாரு? நடந்தா வலிக்குதா, சும்மா குந்தினு இருந்தாலும் வலிக்குதா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும்வரை அசைய மாட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு, காகிதச் சுருளைக் கிழித்து, மூலையில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைப்பாள். ஒரு புள்ளி வைத்தால் ஆபத்து குறைவு, வீட்டுக்குப் போகலாம். இரண்டு வைத்தால் உட்கார வைத்து, இரத்தம் பார்த்து, இன்னொரு முறை ஈசிஜி எடுக்க வேண்டும். மூன்று என்றால் ஆள் எழுந்து நடக்கவே கூடாது. இது மருத்துவமனை வைத்த முறை இல்லை. அவளாக வைத்துக்கொண்டது. முதலில் டாக்டர்கள் சிரித்தார்கள். பிறகு புதிதாக வந்த ட்யூட்டி டாக்டர்கள், யாரும் பார்க்காதபோது அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் ஈசிஜி கோட்டையே பார்த்தார்கள்.

ஒருவர் மட்டும் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "நீ டாக்டரா?"

"இல்ல சார். அதனாலதான் உங்கள கூப்பிடுறேன்" என்றாள்.

இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எங்களுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. இவள் வீட்டில் யாரோ வாய்வு என்று அலட்சியமாக இருந்து மாரடைப்பில் போயிருக்கிறார்கள், அப்பாவாக இருக்கும், இல்லை புருஷனாக இருக்கும் என்று. ஒரு மதியம் சாப்பிடும்போது நானே கேட்டேன். டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா நல்லாதான் இருக்காரு. வூட்டுக்காரரும் நல்லாதான் இருக்காரு. ஏன், நம்ம வூட்ல செத்தாதான் கோவம் வரணுமா?"

நானும் என் டப்பாவை மூடிவிட்டேன்.

அவள் கோபம் டெஸ்ட் எடுக்காதவர்கள் மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். தேவையில்லாமல் எடுப்பவர்கள் மேலும் அதே அளவு இருந்தது. கடற்கரை விடுதியில் தங்க வந்த ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், இடது பக்கம் சுருக்கென்று குத்துகிறது என்று நண்பர்களோடு காரில் வந்தான். முந்தின நாள்தான் ஜிம்மில் எடை தூக்கியிருக்கிறான். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, புகை இல்லை. அக்கா விரலால் அழுத்தினாள். அழுத்தின இடத்தில் வலித்தது. ஈசிஜி தெளிவாக இருந்தது. ஒரு புள்ளி வைத்துவிட்டு, "தசப் புடிப்புப்பா. போய் சூடா ரெண்டு இட்லி சாப்பிட்டு தூங்கு" என்று அனுப்பினாள்.

மேனேஜர் விடவில்லை. எங்கள் மேனேஜர் டாக்டர் இல்லை. மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள். பையனிடம் இன்சூரன்ஸ் கார்டு இருப்பது ரிசப்ஷனிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எக்கோ எடுத்தார்கள். அப்புறம் டிஎம்டி. ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கூட்டி இதயத்தின் கோட்டைப் பார்க்கிற டெஸ்ட். அதில் லேசாக ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் அப்படித் தெரிவது உண்டு, ஆபத்தே இல்லாத சின்ன வயசுக்காரர்களுக்கு அதை நம்ப முடியாது என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். பையனைச் சென்னைக்கு அனுப்பி ஆஞ்சியோ எடுத்தார்கள். இரத்தக் குழாய் எல்லாம் சுத்தமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பையனின் அம்மா எங்களிடம் ரிப்போர்ட் நகல் வாங்க வந்தார். பையன் இப்போது மாடிப்படி ஏறுவதில்லையாம். ராத்திரி கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே கிடக்கிறானாம். வேலையை விட்டுவிட்டானாம்.

அந்த அம்மா போன பிறகு அக்கா மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். "நல்லா இருந்த புள்ளய நோயாளி ஆக்கிட்டீங்களே, தூக்கம் வருதா சார் உங்களுக்கு?" என்று கேட்டது வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அதே மாதத்தில்தான் அந்த உப்பளத்து அம்மாவும் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். சுகர் உண்டு. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி. முகம் முழுக்க வியர்வை. "உப்பு வாரி, கூடை தூக்கினா முதுகு வலிக்காம பூவா பூக்கும்?" என்று சொல்லி ட்யூட்டி டாக்டர் வலி ஊசி எழுதினார். அக்கா எடுத்த ஈசிஜியில் முன் பக்கத்து லீடுகளில் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அந்த அம்மா அசைந்ததால் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டதும் அந்த அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா வாசலுக்கு ஓடி, ஆட்டோவில் ஒரு கால் வைத்தவரை இழுத்துக்கொண்டு வந்தாள். நிஜமாகவே இழுத்துக்கொண்டு. "வுடுடி என்னை" என்று அவர் கத்த, "படுடி முதல்ல" என்று இவள் கத்த, நான் திரைச்சீலை போதாமல் போர்வையைப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து மூன்று லீடுகளை முதுகில் ஒட்டினாள். காகிதம் வெளியே வந்தது. முன்னால் இறங்கியிருந்த கோடு முதுகுப் பக்கம் எழும்பி நின்றது. இதயத்தின் பின்சுவரில் அடைப்பு. அந்தக் காகிதத்தை டாக்டரின் மேஜையில் வைக்கவில்லை, அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். அரை மணி நேரத்தில் அந்த அம்மா 108 ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தது நன்றி சொல்ல இல்லை. இழுத்த இழுப்பில் ரவிக்கைக் கொக்கி இரண்டு பிய்ந்துவிட்டது, புது ரவிக்கை, யார் தைத்துத் தருவது என்று சண்டைக்கு வந்தார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் கால் மணி நேரம் கத்தினார்கள். அந்தக் கால் மணி நேரமும் அக்கா, கேட்காமலேயே, அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் எழுதும்போது அவள்மேல் எனக்குப் பிரியம் இருந்ததுபோல் தோன்றும். அப்போது இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்காது. அங்கே யாருக்கும் பிடிக்காது. அவளோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆள் கிடையாது. ஒரு முதியவரைத் தாமதமாகக் கூட்டிவந்தார் என்பதற்காக அவர் மனைவியை, "ரெண்டு நாளா இன்னா சீரியல் பாத்துனு இருந்தியா?" என்று கேட்டாள். அந்த அம்மா அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை, மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை.

என்னையும் விட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விடுப்பில் இருந்தபோது நான் ஒரு ஈசிஜி எடுத்தேன். வலது கை, இடது கை லீடுகளை மாற்றிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை அந்தக் காகிதத்தைப் புறநோயாளிகள் கூடத்துக்கே எடுத்துவந்து, வரிசையில் நின்றவர்கள் முன்னால், "சிஸ்டரு, உங்க ரெண்டு கைல சோறு துன்ற கை எதுன்னு காட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னது சரி. என் தவறால் ஒரு நோயாளிக்கு வேறு மருந்து போயிருக்கும். ஆனாலும் அன்றைக்கு பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு வரை அழுதுகொண்டே போனேன். அந்தச் சிரிப்பு உள்ளே கிடந்தது. அது என்ன செய்தது என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

மருத்துவமனை ஓர் இதய முகாம் நடத்தியது. உப்பளத் தொழிலாளர்களுக்கு இலவசம் என்று ஊர் முழுக்க பேனர். வெளியே ஷாமியானா போட்டு, சென்னையிலிருந்து இதய டாக்டர் ஒருவரை வரவழைத்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிற எல்லோருக்கும் ஈசிஜி, எல்லோருக்கும் டிஎம்டி. யாருக்கு என்ன ஆபத்து, யாருக்கு எது தேவை என்ற கேள்வியே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் பட்டையில் ஏற வேண்டும். போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தார்கள்.

மினி வேனில் வந்த பதினாறு உப்பள ஆட்களில் ஒரு மேஸ்திரியும் இருந்தார். நாற்பத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, முகாமுக்கு என்று தயாராக வந்திருந்தார். அக்கா துடைத்துக்கொண்டே தன் கேள்விகளைக் கேட்டாள். சுகர் இருந்தது. அண்ணன் நெஞ்சுவலியில் போனவர். மூன்று நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சை அடைக்கிறது, விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது என்றார். ஈசிஜியில் நான்கைந்து இடங்களில் கோடு கவிழ்ந்திருந்தது. அக்கா மூன்று புள்ளி வைத்தாள்.

"எழுந்திரிக்காதண்ணா. அசையாத. நான் வந்து சொல்றவரைக்கும் இங்கியே படு."

அவரை உடனே அட்மிஷன் போட வேண்டும், டிஎம்டி கூடாது, இந்த நிலையில் நடக்க விட்டால் செத்துவிடுவார் என்று மேனேஜரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பட்டியல்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் செய்யணும்னு மேல சொல்லியிருக்காங்க. டாக்டர்கிட்ட கேட்டாச்சு" என்றார் மேனேஜர்.

"எந்த டாக்டர்கிட்ட?"

மேனேஜர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். அக்கா டிஎம்டி அறைக்குள் போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். "நான் போய் மேடைல இருக்கற டாக்டரை இட்னு வர்றேன். அதுவரைக்கும் ஒருத்தன் இதுல கை வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

டாக்டர் அப்போது மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மேடைக்கு ஏறவிடாமல் வாலண்டியர்கள் அவளைத் தடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

மேனேஜர் பிளக்கைத் திரும்பச் சொருகினார். என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க ஆன் பண்ணுங்க. அந்தம்மா இல்லன்னா இந்த ஆஸ்பத்திரி நடக்காதா?"

மேஸ்திரியை எழுப்பிக் கூட்டிவந்தது நான். "அந்தக்கா அசையக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றார். "பரவால்லண்ணா, மெதுவாத்தான் ஓடும்" என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்துவிட்டு ஏறினார். நான் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டாவது நிமிஷத்தில், "சிஸ்டர், லேசா வலிக்குதும்மா" என்றார். நான் மேனேஜரைப் பார்த்தேன். "நடந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றார் அவர். மூன்றாவது நிமிஷத்தில் பட்டை தானாக வேகம் எடுத்தது, முன் பக்கம் உயர்ந்தது. "நிறுத்திடும்மா" என்றார். என் கை சிவப்புப் பொத்தானுக்குப் போவதற்குள் கைப்பிடியை விட்டுவிட்டார். பட்டை அவரைப் பின்னால் தள்ளிச் சுவரோரம் போட்டது.

டாக்டரோடு அக்கா உள்ளே வந்தது அப்போதுதான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள், எண்ணுவதற்கு நடுவில் எங்களைத் திட்டினாள். ஷாக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம். டாக்டர் போதும் என்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அவளைத் தூக்கினோம்.

சாயங்காலத்துக்குள் ஒரு கடிதம் தயாராகிவிட்டது. டெக்னீஷியன் மிஷினை இயக்கிவிட்டு, அனுமதி இல்லாமல் இடத்தைவிட்டுப் போனதால் நோயாளியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது என்று அதில் எழுதியிருந்தது. நேரில் பார்த்த சாட்சி என்ற இடத்தில் என் பெயர். மூன்று புள்ளி வைத்த காகிதம் ஃபைலில் இல்லை.

"கையெழுத்து போடுங்க சிஸ்டர். இல்லன்னா ஆன் பண்ணது யாருன்னு போலீஸ் கேக்கும்" என்றார் மேனேஜர்.

போட்டேன். பயந்தேன் என்பது நிஜம். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதும் நிஜம்.

வேலையிலிருந்து நீக்கிய உத்தரவோடு அந்தக் கடிதத்தின் நகலையும் அக்காவிடம் கொடுத்தார்கள். அவள் அதைப் புறநோயாளிகள் கூடத்தில் நின்று, ஒரு வரி விடாமல், சத்தமாகப் படித்தாள். குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள், டோக்கனோடு நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். படித்து முடித்து, "இதுல இருக்கறது அத்தினியும் பொய்யி. அது கையெழுத்து போட்ட சிஸ்டருக்குத் தெரியும். அவங்க அதோ நிக்கிறாங்க" என்று என்னைக் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் நான் அந்த வேலையைத் தொடர்ந்தேன். பட்டை ஓடும் சத்தம் கேட்டால் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வேன். பிறகு ஒரு ஞாயிறு காலை அவள் வீட்டைத் தேடிப் போனேன். இடையஞ்சாவடிப் பக்கம் அவளும் வீட்டுக்காரரும் தங்கை வீட்டோடு குடியேறியிருந்தார்கள், அவளுக்கு ஒரு சின்ன லேபில் வேலை. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்கிட்ட ஏன் வந்த? நான் செத்தேனா?"

நான் அழுதேன்.

"அழுவுறத நிறுத்து. எனக்கு வேற வேலை கெடச்சிடுச்சு. அந்தாளு பொண்டாட்டிகிட்ட போய் சொன்னியா, உன் புருஷன் எப்படி செத்தான்னு? சொல்லல இல்ல? அப்போ இங்க உனக்கு இன்னா வேலை?"

"நீங்களும் வாங்கக்கா. எனக்கு பயமா இருக்குது."

"வர மாட்டேன். நான் வந்தா நீ என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்குவ."

தண்ணீர் கூடக் கேட்காமல் திரும்பினேன். அன்றே போனேன் என்று எழுத ஆசை. ஒரு வாரம் ஆயிற்று.

மேஸ்திரியின் மனைவி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் நடந்து போய் நான் யார் என்று சொன்னேன். வாருகிற பலகையைப் பாத்தியில் ஊன்றிக்கொண்டு கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படுத்திருந்தவரை எழுப்பியது, பொத்தானை அழுத்தியது, கையெழுத்துப் போட்டது.

அவர் முதலில் கேட்டது, நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"அப்போ அவரு குடிச்சிட்டு வரலியா?"

எனக்குப் புரியவில்லை.

"குடிச்சிருந்தாரு, அதை மறைச்சிட்டு மிஷின்ல ஏறிட்டாருன்னு அந்த மேனேஜரு சொன்னாரும்மா. அவரு குடிய வுட்டு ஆறு வருஷம் ஆவுது. புள்ளைங்க தலமேல அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வுட்டாரு. எனக்குத் தெரியாம மறுபடி ஆரம்பிச்சிட்டாரேன்னு… காரியத்தன்னிக்குக்கூட நான் அழலம்மா. கோவத்துல அழல."

வெயில் பாத்திகளில் பட்டு முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடவில்லை.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"எத்தினி தடவ?"

"ரெண்டு தடவ."

அவர் என்னை அறைந்தார். உப்பு ஒட்டிய கை. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவர் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து, நான்கு மாதமாக அழாததை அழுதார். பக்கத்துப் பாத்திப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

அந்த அம்மா சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தார். நான் முதல் கடிதம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என் வேலை போனது. விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். போன மாதம் பஸ்ஸில் போகும்போது புது பேனர் பார்த்தேன். மறுபடியும் இதய முகாம்.

விசாரணைக்கு எங்கள் மூவரையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரியின் மேஜைக்கு எதிரே ஒரே பெஞ்சு. ஒரு ஓரத்தில் மேஸ்திரியின் மனைவி, நடுவில் அக்கா, இந்த ஓரத்தில் நான். அக்கா என்னிடம் பேசவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. தன் முறை வந்தபோது ஒரு நாற்பது நிமிஷம் பேசினாள். யாரை நடக்கவிடலாம், யாரை விடக்கூடாது என்று அந்த அதிகாரிக்குப் பாடமே எடுத்தாள். நடுவில் அவர் போனை எடுத்துப் பார்த்ததற்குத் திட்டும் வாங்கினார்.

என் முறை வந்தது. நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏம்மா அந்தப் பொய்யில கையெழுத்து போட்டீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அவர் எழுத ஆரம்பித்தார். பக்கத்திலிருந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே, அக்கா சொன்னாள்.

"பயம் மட்டும் இல்ல. சொல்லு."

மேஸ்திரியின் மனைவி என்னைப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இவங்கள புடிக்காது சார்" என்றேன். "ஒரு தடவ எல்லாருக்கும் முன்னாடி என்னைத் திட்டினாங்க. கையெழுத்து போடும்போது கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்தது."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "இதையும் எழுதணுமா?"

"அதத்தான் மொதல்ல எழுதணும்" என்றாள் அக்கா.